பாட்டிலில் இல்லாத பலாப்பழம்

என் வீட்டுக்காரர் பீர் குடிக்கிறவர்தான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு நாள். சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பீரும் விற்கிற கோப்பிக்கடையில் ஒரு பாட்டில் குடித்துவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டே மேலே வருவார். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொள்வார். நானும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இருபத்து நான்கு வருடமாக இப்படித்தான் ஓடியது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாட்டிலை வீட்டுக்கே கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்தார். இரண்டு கிளாஸைக் கழுவித் துடைத்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சம் குடிச்சுப் பாரேன்."

எனக்கா? கல்யாணமான நாள் முதல் ஒரு சொட்டு ஊற்றித் தராத மனுஷன்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கொள்கிறேன். கிளினிக் கவுண்டரில் வேலை. லீவு போட எம்சி என்கிற டாக்டர் சீட்டு வாங்க வருகிறவர்களின் இருமலைக் கேட்டுக் கேட்டு, எது நெஞ்சிலிருந்து வருகிறது, எது நடிப்பு என்று அவர்கள் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். என்னிடம் வந்து பாட்டிலை நீட்டினால் நான் சும்மா குடித்துவிடுவேனா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெல்ஜியம் பாணி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் இந்த ஊர்த் துவாஸ் தொழிற்பேட்டை விலாசம்.

"பெல்ஜியம் எப்பங்க துவாஸுக்குக் குடி வந்துச்சு?"

"அந்த மாதிரி இங்க செய்யறாங்க லா. நீ ருசியச் சொல்லு."

பால் விடாத தேநீர், தே ஓ நிறம். கிளாஸை மூக்குக்கருகே கொண்டுபோனால் தோல் கறுக்கப் பழுத்த ரஸ்தாளி வாசனை, அதற்குப் பின்னால் கிராம்பு. வாயில் வைத்ததும் கருகின வெல்லம். அட, பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் நாக்கின் இரண்டு ஓரத்தையும் ஒரு புளிப்பு பிடித்து இழுத்தது.

"கெட்டுப் போச்சுங்க இது. மூணாம் நாள் இட்லி மாவாட்டம் புளிக்குது."

"இது அப்படித்தான் புளிக்கும். எந்தப் புளிப்புன்னு சொல்லு. புளியா, எலுமிச்சையா?"

இன்னொரு வாய் குடித்தேன். "நெல்லிக்காய். நெல்லிக்காயத் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா கடைசியில லேசா இனிக்குமே, அது."

அவர் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதான்" என்றார். சும்மா என்று சொல்கிறவர்களை நான் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன்.

அவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேக்காவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். எல்லோருக்கும் மாஸ்டர். லிப்டை விட்டு இறங்கும்போதே எந்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று சொல்லும் மூக்கு. என் ரசத்தை அவர் ஒரு நாளும் நிம்மதியாகக் குடித்ததில்லை. மிளகு பழசு என்பார், பூண்டில் பச்சை வாசனை என்பார், பெருங்காயத்தை மாற்று என்பார். அப்படிப்பட்டவர் நாலு மாதமாக ஒரு குறையும் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், "நல்லா இருக்கு" என்றார், கை கழுவினார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பாள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. தப்புப் பண்ணுகிற ஆம்பிளைதான் குழம்பில் குறை சொல்ல மாட்டான்.

அடுத்த செவ்வாயும் அதே பீரில் இன்னொரு பாட்டில், அதே கேள்வி. சொன்னேன். கிளாஸைக் கழுவப் போட்டுவிட்டு வெளியே காரிடாரில் நின்று போனில் பேசிப் பதிவு செய்து யாருக்கோ அனுப்பினார். நான் கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சரி, மடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன்.

"நல்லாப் பழுத்த ரஸ்தாளிமா. கருகின வெல்லம். கடைசியில நெல்லிக்காய் மாதிரி ஒரு இனிப்பு."

என்னுடைய வார்த்தைகள்! ஒன்று பிசகாமல், தன் நாக்கில் பட்ட மாதிரி சொல்கிறார். அதிலும் ஒரு 'மா' வேறு. அவர் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். பெயர்கூடப் போட்டு வைக்காத ஒரு நம்பர், முகத்துக்குப் பதில் தாமரைப் பூப் படம். "சூப்பர் அண்ணே" என்று பதில் வந்திருந்தது. அண்ணே என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய் முடிந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும். உடம்பெல்லாம் எரிந்தது.

நேராகக் கேட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார். பொறி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவது செவ்வாய், பாட்டிலைத் திறந்து ஊற்றினார். நான் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, நன்றாக யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணினேன்.

"இன்னிக்கு வேற மாதிரி இருக்குங்க. பலாப்பழம். பின்னாடி பெருங்காயம்."

பலாப்பழமாவது, பெருங்காயமாவது! அந்தத் தாமரைப் பூவிடம் போய் இதைச் சொல்லி அவமானப்படட்டும் என்று நினைத்தேன். அவரும் ஒரு வாய் குடித்தார். "ஆமா," என்றார். "பெருங்காயம் லேசா வருது." அங்கேயே போனை எடுத்துப் பேசி அனுப்பியும் விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருங்காயத்தில் இவரை ஏமாற்ற முடியுமா? எழுந்து அடுப்படிக்குப் போனேன். பெருங்காய டப்பாவைத் திறந்து கொண்டுவந்தேன்.

"கண்ண மூடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"மூடுங்கன்னா."

மூக்குக்கு நேரே பிடித்தேன். இழுத்து இழுத்து முகர்ந்தார். எனக்கே அந்த வாசனையில் கண் கரித்தது. "காப்பித்தூளா?" என்றார்.

கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாலு மாசம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல," என்றார். "அப்பப் போனது. நாக்குல உப்பு தெரியுது, காரம் தெரியுது. வாசம்தான் ஒண்ணுமே இல்ல. இந்தப் பீர்ல எனக்குப் புளிப்பு மட்டும்தான்."

அந்தத் தாமரைப் பூ, அவர் வேலை பார்க்கும் கடை முதலாளியின் மகள். இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள். மீன் தலைக்கறியோடு இந்தப் பீரையும் விற்கலாம், மெனுவில் ருசியைப் பற்றி நாலு வரி போடலாம், மாஸ்டர் நாக்குக்கு மிஞ்சி என்ன இருக்கிறது என்று இவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். மூக்கில்லாத மாஸ்டரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? நாலு மாதமாகக் கை அளவிலும், எண்ணெய் பொரிகிற சத்தத்திலும் சமைத்துத் தள்ளியிருக்கிறார்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா மறுநாளே டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவ. கடைக்குத் தெரிஞ்சா, அம்பத்தாறு வயசுல நான் எங்க போய் நிக்கறது?"

பாவி! ஊரான் பொய் இருமலையெல்லாம் கண்டுபிடிக்கிற எனக்கு, எதிரே உட்கார்ந்து ரசம் குடித்த நிஜ நோயாளியைத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் போன் சிணுங்கியது. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பலாப்பழமா? பெருங்காயமா? அண்ணே, வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கடையில எல்லாரும் ஒண்ணாக் குடிச்சுப் பாக்கலாம்."

"அதுல பலாப்பழம் இல்லங்க," என்றேன். "நான்தான் பொய் சொன்னேன். உங்களப் பிடிக்கிறதுக்கு."

"பிடிச்சிட்டல்ல," என்றார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை, மிச்சமிருந்த பீரை ஊற்றி, நுரை போன அதைக் குடித்துப் பார்த்து, பாடம் சொல்லித் தருகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரஸ்தாளி, கிராம்பு, வெல்லம், நெல்லிக்காய். அவர் போனை எடுக்கவில்லை.

"இது நிஜமா? இல்ல, இதுவும் பலாப்பழமா?"

அம்மன் மேல் சத்தியம் பண்ணினேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். மத்தியானக் கூட்டம் கலைந்து, மேசை துடைத்த ஈரம் காயாமல் இருந்தது. அந்தப் பெண் ஊற்றினாள். முப்பது வயது இருக்கும், நல்ல பெண். அவளைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்க அண்ணே, பலாப்பழம் எங்க இருக்கு?"

அவர் ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"புளிப்பு இருக்குமா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். எனக்கு மூக்கு செத்துப் போய் நாலு மாசம் ஆச்சு. மத்ததெல்லாம் இவ சொன்னது."

அவள் கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தாள். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள். "நீங்க எங்கயும் போக வேணாம். ஆனா நாளையிலேருந்து மசாலாவும் தாளிப்பும் ரெண்டாவது மாஸ்டர் பாக்கட்டும்."

அவர் தலையாட்டினார். முப்பது வருடமாக வேறு யாரையும் தொடவிடாத கரண்டி அது.

அவள் கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க சொல்லுங்க அக்கா."

குடித்தேன். பழுத்த ரஸ்தாளி என்றேன். கிராம்பு என்றேன். கருகின வெல்லம், கடைசியில் நெல்லிக்காய் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தப் பெண் தலையாட்டுகிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.