ஸ்டோவ்னர் பனியில் ஒரு ரோமக் கோட்டை

கல்யாணமாகி ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னருக்கு வந்த முதல் மாரிக் குளிரில் என் கவலையெல்லாம் ஒன்றுதான்: வாயே திறக்காத இந்த மனிதரோடு எப்படிக் காலந்தள்ளப் போகிறேன்? அவர் சுரங்க ரயில் ஓட்டுபவர். வேலையால் வந்தால் சாப்பாடு, பிறகு ரோமர்களின் எல்லைக் கோட்டைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். இங்கிலாந்துக்குச் சித்தியைப் பார்க்கப் போனவர், சித்தியை விட்டுவிட்டு வடக்கே போய் மழையில் ஒரு பழைய கோட்டையின் அத்திவாரக் கற்களைப் பார்த்துவிட்டு வந்தவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அப்பிடி என்னதான் இருக்கு அந்தக் கல்லிலை?"

எழும்பிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கீழே போனார். கோபித்துவிட்டாராக்கும் என்று நானும் பின்னால் ஓடினேன். எங்கள் அடுக்குமாடிகளுக்கு நடுவேயிருந்த வெளியில் முழங்காலளவு பனி. அதை மிதித்து மிதித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் மேலை போய் பல்கனியிலை நிண்டு பாரும். நிலத்திலை நிண்டா விளங்காது. கன கோட்டையளை வானத்திலை பறந்து பாத்துத்தான் கண்டுபிடிச்சவை."

நாலாம் மாடியிலிருந்து பார்த்தால், மூலைகள் வளைந்த ஒரு நீள்சதுரம். நாலு பக்கமும் வாசல், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தெரு. அவர் ஓடியோடிக் காட்டினார். நடுவில் தலைமையகம். பக்கத்தில் ஈரம் பிடிக்காமல் தரையை உயர்த்திய தானியக் களஞ்சியம். அங்காலே, வீரர்கள் எட்டெட்டுப் பேராகத் தங்கும் நீளக் கட்டடங்கள். அவர் அத்தனை சத்தமாகக் கதைத்து நான் கேட்டதேயில்லை.

"சமையல் எங்கை?" நானும் கத்தினேன்.

"பொதுக் குசினி இல்லை! அவையவை தங்கடை இடத்திலை!"

"பெண்சாதிமார்?"

"சாதாரண வீரர் கலியாணம் கட்டேலாது! தளபதி மட்டும் குடும்பத்தோடை உள்ளுக்கை இருக்கலாம்!"

"அப்ப நான் எங்கை இருக்கிறது?"

கோட்டையின் நடுவுக்கு ஓடி வந்தார். பிறகு தலைமையகத்துக்குப் பக்கத்தில், நடுமுற்றத்தோடு ஒரு பெரிய வீட்டைப் பார்த்துப் பார்த்து மிதித்தார். எதிர்மாடி நோர்வேக்காரக் கிழவி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த நாள் பனி கொட்டி எல்லாம் மூடிப்போயிற்று. யன்னலடியில் முகம் வாடி நின்றவரிடம் தொப்பியை நீட்டினேன்.

"வாங்கோ, திருப்பிக் கட்டுவம். இந்தமுறை முன்வாசல் கிழக்கை பாக்கோணும்."

"முன்வாசல் எதிரி இருக்கிற பக்கமெல்லோ பாக்கிறது!"

"ஸ்டோவ்னரிலை ஆர் உங்களுக்கு எதிரி?"

விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. வாதாடிக்கொண்டே நாலு மாடியும் படியால் இறங்கினோம். லிப்ட் இருந்ததே எங்களுக்கு நினைவில்லை.