தேவாரத்துக்குக் கொண்டுபோன சோறு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் காய் பிரிக்கும் வேலை பார்த்துவந்தாள் சுருளியம்மாள். முறத்தில் பரப்பிய காய்களில் வெடித்தவற்றையும் வெளுத்தவற்றையும் விரல்நுனியால் பொறுக்கித் தள்ள வேண்டும். கணவன் இறந்தபின் அவளுக்குச் சோறு போட்டவை அந்த விரல்களே. சென்ற ஐப்பசி மழையோடு அவற்றில் முடக்குவாதம் வந்து குடியேறியது. காலையில் கை விரியாது. சேலைக் கொசுவத்தைச் செருகுவதற்குக்கூட, அடுத்த வீட்டில் இருந்துகொண்டு அதே கிட்டங்கிக்கு வரும் கருத்தம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். போடிமெட்டுக்கு அப்பாலுள்ள வைத்தியர் ஒருவரிடம் கருத்தம்மா கேட்டுவந்த பத்தியத்தையும் அவள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். புளி, மிளகாய், தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பால், கறி அனைத்தும் விலக்கு. மிளகு தூவிய சோறும் வெந்த பாசிப்பயறும் சுரைக்காயுமே உணவு.

"என்னடி, உசிரோட இருக்கும்போதே உனக்கு நீயே வாய்க்கரிசி போட்டுக்கிறியா?" என்று கிட்டங்கிப் பெண்கள் சிரித்தார்கள்.

"கை நல்லாருக்கட்டும்டி. நாக்கு செத்தாச் சாகட்டும்."

மாசி பிறப்பதற்குள் வீக்கம் வற்றியது. மாத்திரையின் வேலை என்றார் மருத்துவர். பத்தியத்தின் வேலை என்று சுருளியம்மாள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடு அச்சமும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு துளிப் புளி உள்ளே போனாலும் விரல்கள் மறுபடி மடங்கிவிடும் என்று அஞ்சினாள்.

அந்த நேரத்தில்தான் பிறந்த ஊரான தேவாரத்திலிருந்து அண்ணன் தங்கபாண்டி வந்தார். தாயார் இறந்தபோது அவர் தங்கைக்குத் தாமதமாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் மிச்சம். "இனிமே உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று ஊரார் முன்னிலையில் தலையில் அடித்துக்கொண்டு வந்தவள், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தால் உறவு உண்டு. நனைக்காமல் எழுந்தால் உறவு அற்றது. அந்தப் பக்கத்தில் அதற்குமேல் விளக்கம் எவருக்கும் தேவைப்படாது.

"முத்துப்பிரியாவுக்குப் பரிசம் போடுறோம் தாயி. அன்னைக்கு நான் செஞ்சது தப்புத்தான். அத்தைக்காரி நீ வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் நம்ம ஆத்தா மனசு குளுரும்."

அவள் கொடுத்த தண்ணீரை அவர் மிச்சமில்லாமல் குடித்தார்.

"வர்றேண்ணே" என்றாள். பத்தியத்தைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. இறங்கி வந்து அழைப்பவரிடம் இது ஆகும், அது ஆகாது என்று நிபந்தனை போடுவதா? தன் சோற்றைத் தானே கொண்டுபோய், பந்தியில் அவர்கள் வீட்டு இலையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டால் உறவும் ஒட்டும், விரலும் தப்பும் என்று கணக்குப் போட்டாள்.

பரிசத்தன்று மதினி ஈஸ்வரிதான் பரிமாறினாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், தக்காளி ரசம், பால் பாயசம். சுருளியம்மாள் மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்து இலையின் ஓரத்தில் தன் சோற்றைக் கொட்டினாள். ஈஸ்வரி குழம்பு வாளியைக் கீழே வைத்தாள்.

"பாத்தீகளா கூத்தை! சொந்த அண்ணன் வீட்டுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்திருக்கா. நாங்க என்ன வெசமா ஆக்கி வச்சிருக்கோம்?"

"ஐயோ, இல்ல மதினி. கை வாதத்துக்குப் பத்தியம்..."

"பத்தியமா, பழைய சபதமா?"

மாப்பிள்ளை வீட்டார் பக்கம் யாரோ சிரித்தார்கள். வாசற்படியில் நின்ற தங்கபாண்டி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விடு ஈஸ்வரி. அவ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சுருளியம்மாள் வாளியை மூடினாள். "குழம்பு ஊத்துங்க மதினி" என்று கேட்டு வாங்கிப் பிசைந்து உண்டாள். பொரியலை உண்டாள். பாயசத்தையும் விடவில்லை. மாதக்கணக்கில் மிளகாய்க் காரம் அறியாத நாக்கு எரிந்து கண்ணில் நீர் கொட்டியது. இலையை வழித்துவிட்டு வாசலைப் பார்த்தாள். சம்பந்திகளை வழியனுப்பிக்கொண்டிருந்த அண்ணனின் முதுகுதான் தெரிந்தது.

பந்தல்காலருகே அவரைப் பிடித்தாள். "அண்ணே, நான் சாப்பிட்டேண்ணே. எல்லாத்தையும் சாப்பிட்டேன்."

"ம். பஸ்சு வந்துரும். வெரசாக் கெளம்பு."

சில நாட்களிலேயே விரல்கள் வீங்கின. பந்தியில் உண்டதாலோ, குரங்கணி மலையிலிருந்து இறங்கிய கோடை மழையின் ஈரத்தாலோ, யார் சொல்வது? கிட்டங்கியில் அவள் முறத்தை வாங்கிக்கொண்டு, சருகும் தூசியும் கூட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

"அண்ணன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாரா?" என்று ஒரு மதியம் கருத்தம்மா கேட்டாள். கூடப்பிறந்தவளை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்தல்லவா அழைக்க வேண்டும்?

"பத்திரிகை வந்துருச்சு. பஸ்சு கண்டக்டர்ட்டக் குடுத்துவிட்டிருந்தாரு."

சுருளியம்மாள் தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளே மறுபடியும் அதே பாசிப்பயறு. மூடி இறுகியிருந்தது. இரு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பார்த்தும் அசையாததால், அதைக் கருத்தம்மாவிடம் நீட்டினாள்.