காலையில் துண்டு, மாலையில் வேட்டி

செல்லூரில் என் மச்சினன் ஒரு விசைத்தறி வைத்து, குளியல் துண்டு நெய்கிறான். கண்ணளவாகத் தறியை நிறுத்துவதால் துண்டின் நீளம் கூடும், குறையும். சனிக்கிழமைச் சரக்கு ஒரே அளவில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று பழங்காநத்தம் கடைக்காரர் சொல்லிவிட்டாராம். ஓய்வு பெற்றபின் தல்லாகுளத்தில் வாசலைத் தாண்டும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது நல்ல செய்தி.

இணையத்தில் பார்த்து நிரல் எழுதப் பழகியிருந்தேன். குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா தறியில் இப்படியும் அப்படியும் ஓடுவதை எண்ணி, துண்டு முடிந்ததும் மணி அடிக்கும் சின்னக் கணினிப் பெட்டி ஒன்றைத் தறியில் பொருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆன நேரத்தையும் குறித்து வைக்க ஆசை. பெட்டியில் நினைவகம் கொஞ்சம். தனித்தனி அறையில் போட்டால் மதியத்துக்குள் நிரம்பிவிடும். நான் எழுதிய மொழியில் ஓர் எண் எவ்வளவு நீளமாகவும் வளரலாம். ஆகவே காலையிலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒரே எண்ணாக நெருக்கி அடைத்தேன். முக்கால்வாசி இடம் மிச்சம். அன்று நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை மச்சினன் போன் செய்தான்.

“மாமா, காலைல துண்டு வருது. பொழுது சாய வேட்டியா வருது. இப்படியே போனா சனிக்கிழமைக்குள்ள நூல் அம்புட்டும் தீந்துரும்.”

போய்ப் பார்த்தேன். சொன்னது சரிதான். காரணம் பிடிபடாமல் வீடு திரும்பி, மனைவியிடம் காப்பி கேட்டேன். அடுக்களையில் உருட்டும் சத்தம் ஓயவில்லை. இடம் மிச்சமாகட்டும் என்று பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக நான்தான் அடுக்கி வைத்திருந்தேன்.

“எதுக்கு இம்புட்டு நேரம்?” என்றேன்.

“நீங்க அடுக்குன அழகுக்கு, டம்ளர் அடியில கெடக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் வாரேன்.”

அப்போதுதான் புரிந்தது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் என் நிரல் அந்தப் பெரிய எண் முழுவதையும் பிரித்து, புதியதைச் சேர்த்து, மறுபடி மூட்டை கட்டியது. மாலையில் எண் அனுமார் வால்போல நீண்டுவிடும். அதைப் பிரித்துக் கட்டுவதற்குள் நாடா இன்னொரு முறை ஓடிவிடும். அது கணக்கில் வராது. மணி தாமதமாக அடிக்கும்.

மறுநாள் நிரலிலிருந்து நேரக் குறிப்பு எல்லாவற்றையும் தூக்கினேன். தறியில் இருக்கிற துண்டின் ஓட்டங்களை எண்ண ஓர் எண், அதற்குத் தாராளமாக ஓர் அறை. துண்டு முடிந்ததும் நிரல் அதையும் அழித்துவிடும். சரக்கு சனிக்கிழமை ஒரே அளவில் போனது. கடைக்காரர் அடுத்த வாரத்துக்கும் கேட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நாடா மொத்தம் எத்தனை முறை ஓடியது என்று இனி யாருக்கும் தெரியாது. மச்சினனிடம் இதைச் சொன்னேன். அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.