ருசி பார்த்தவர் கையெழுத்து

இப்போது எங்கள் கேன்டீனில் கரண்டி கிடையாது. பன்னிரண்டரை மணிக்கு நாச்சாரத்திலிருந்து ஒரு வேன் வரும். மூடி ஒட்டிய பெட்டிகளை இறக்கி மேசைமேல் அடுக்கிவைப்பார்கள். அடையாள அட்டையைக் காட்டி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சோறு ஒரு குழியில், பருப்பு ஒரு குழியில், பொரியல் ஒரு குழியில். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று யாரிடமும் கேட்க முடியாது. பாதிப் பேர் பெட்டியைத் தங்கள் இருக்கைக்கே கொண்டுபோய், கணினியைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். சுத்தமானது, பயமில்லாதது என்கிறார்கள். இருக்கலாம். அந்தப் பெட்டிகள் வந்ததற்கு நானும் ஒரு காரணம். அது எப்படி என்பது கேன்டீன் கமிட்டியின் கோப்பில் இல்லை.

நான் வேலை பார்ப்பது செகந்திராபாத் பக்கம் மத்திய அரசின் ஒரு தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில். உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் அளக்காத ஒரு பாகத்துக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பெயரால்தான் என்னைக் கேன்டீன் கமிட்டியிலும் சேர்த்தார்கள்.

பழைய கேன்டீனில் நீளமான எவர்சில்வர் மேடை இருந்தது. அடியில் வெந்நீர், மேலே உணவுத் தட்டுகள். வரிசையில் நின்று நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஃபிட்டர் பிடித்த கரண்டியைத்தான் அடுத்து மேலாளரும் பிடிப்பார். எனக்கு அது பிடிக்கும். பரிமாறத் தொடங்குவதற்கு அரைமணி முன்னால், அந்த வாரத்துக்குரிய கமிட்டி உறுப்பினர் ஒவ்வொரு பதார்த்தத்தையும் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்துவிட்டு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். பதார்த்தத்தின் பெயர், நேரம், கடைசிக் கட்டத்தில் ருசி பார்த்தவர் கையெழுத்து. அதோடு ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்து ஒருநாள் முழுக்கக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் சோதிப்பதற்கு.

எனக்கு மாதம் ஒருநாள் கிருத்திகை விரதம். என் மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. மாலை விளக்கேற்றும்வரை காப்பி, பால், அவ்வளவுதான். உப்பு நாக்கில் படக் கூடாது. என் முறை வாரத்தில் கிருத்திகை வந்தால் இன்னொரு உறுப்பினரை அழைத்து ருசி பார்க்கச் சொல்லிவிடுவேன். பதினாறு வருடமாக விரதம் தவறியதில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் எங்கள் தொழிற்சாலையின் குடும்ப விழா நடந்தது. வருடத்தில் அந்த ஒருநாள்தான் வீட்டாரை உள்ளே விடுவார்கள். இயந்திரங்களைச் சுற்றிக் காட்டி, பரிசு கொடுத்து, கேன்டீனில் விருந்து. அந்த வாரம் என் முறை. அன்றைக்குக் கிருத்திகை. விருந்துக்கு வெஜ் பிரியாணி, பகாரா கத்திரிக்காய், டபுள் கா மீட்டா என்று பட்டியல் போட்டிருந்தார்கள். தயிர் சாதத்தைச் சேர்க்கச் சொன்னவள் நான். நம்மவர்களுக்குக் கடைசியில் ஒரு பிடி தயிர் சாதம் இல்லாமல் என்ன விருந்து என்று கமிட்டியில் சண்டை போட்டு வாங்கினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பதிவேட்டோடு சமையலறைக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம்.

"வேற மெம்பர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஸ்டேஜ்ல பந்தல் கட்டறாங்க மேடம். போன் பண்ணா எடுக்க மாட்டாங்க."

நான் கரண்டியைக் கையில் எடுத்தேன்.

"நக்கோ மேடம், நக்கோ! விரதத்துல வாய் வைக்காதீங்க. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? நான் எல்லாம் பார்த்துட்டேன். ஏ-ஒன். சைன் பண்ணிடுங்க."

"தயிர் சாதத்துக்கு ஐஸ் எங்க? சூட்டு மேடையில வச்சிருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கு மேடம். காலையில ஏழு மணிக்குக் கலந்தது. ஒண்ணும் ஆவாது."

அப்போது வேனல் அவ்வளவு தெரியவில்லை. விருந்து பன்னிரண்டரைக்குத் தொடங்கிவிடும் என்று நினைத்தேன். எட்டுக் கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து சின்னது, தெளிவானது. எட்டும் ஒரே மாதிரி இருந்தன.

சிறப்பு விருந்தினர் வந்து சேர இரண்டு மணி ஆனது. பேச்சு முடிந்து கேன்டீன் கதவைத் திறந்தபோது மணி மூன்று. எல்லாரும் பிரியாணிப் பக்கம் முண்டியடித்தார்கள். தயிர் சாதம் மேடையின் ஓரத்தில், ஐஸ் இல்லாமல், அடியில் வெந்நீர் ஆவியோடு இருந்தது. சில தமிழ்க் குடும்பங்கள் மட்டும் அங்கே போனார்கள். என் மகளுக்கு நானே ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.

அவள் பதினொன்றாம் வகுப்பு. தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மம்மி, இது வியர்டா இருக்கு. நூல் மாதிரி வருது. ஸ்மெல் பாரு."

எங்கள் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, உங்க அம்மா பாஸ் பண்ண ஐட்டத்தையே ரிஜெக்ட் பண்றியா?" என்றார்.

"நான் டேஸ்ட் பண்ணித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றேன். "நாலு பேர் முன்னாடி பிகு பண்ணாத. சாப்பிடு."

"ஹவ், இன்ஸ்பெக்டர் சாப்," என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டு சல்யூட் வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கிண்ணத்தைக் காலி செய்து, கவிழ்த்தும் காட்டினாள்.

நூல் விட்ட சோறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டில் அப்படி இருந்தால் நாய்க்குக்கூட வைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தால், ருசி பார்க்கவில்லை என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். முகரவில்லை.

மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டை அடையும்முன்பே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். தயிர் சாதம் சாப்பிட்ட மற்றவர்களும் ஒருநாள் அவஸ்தைப்பட்டு எழுந்துவிட்டார்கள். இவளுக்கு நிற்கவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்று ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவர் இரண்டாம் நாளே சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். டாக்டர் முதலில் கேட்கப்போவது என்ன சாப்பிட்டாள் என்பதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில், "மம்மி, நேத்துலருந்து சூசூ வரலை," என்றாள். கண் குழி விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது என்றார்கள். இரண்டுமுறை டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்தில் குழாய். பதினோரு நாள் அந்த மருத்துவமனையில் இருந்தோம். அவள் பிறந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்ற மாதிரியே மறுபடி கண்ணாடிக்கு வெளியே நின்றேன். இந்தத் தடவை எதையும் நேர்ந்துகொள்ள வாய் வரவில்லை.

அவள் உள்ளே இருந்தபோதே கமிட்டிக் கூட்டம். ஒருமணி நேரம் வந்துவிட்டுப் போங்கள் என்று தலைவர் போன் செய்தார். குளிர்பெட்டியில் இருந்த தயிர் சாதத்தைச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்திருந்தது. இருக்காதுதான். அதை ஏழரை மணிக்கே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். கெட்டுப்போனது வெளியே இருந்தது.

"பரிமாறுவதற்கு முன்னால் நீங்கள் ருசி பார்த்தீர்கள் அல்லவா, மேடம்? நன்றாக இருந்தது?" தலைவர் இங்கிலீஷில், மிக மரியாதையாகக் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும் தாயிடம் கேட்கிறோமே என்ற சங்கடம் அவர் குரலில் இருந்தது.

"ஆமாம்," என்றேன்.

அந்த ஒரு சொல்லிலிருந்து மற்றதெல்லாம் தானாக வந்தது. குளிர்பெட்டியில் நன்றாக இருந்தது, ருசி பார்த்தபோது நன்றாக இருந்தது. அப்படியென்றால் மேடையில்தான் கெட்டிருக்கிறது. எத்தனை கை பட்ட கரண்டி! யார் தும்மினார்களோ, எந்தக் குழந்தை விரலை விட்டதோ. கொரோனாவுக்குப் பிறகும் இந்தப் பழக்கத்தை வைத்திருந்ததே தப்பு என்றார் ஒருவர். இனிமேல் உலகத்தில் எங்கேயும் பஃபே இருக்காது, எல்லாம் பெட்டிதான் என்றார் இன்னொருவர். எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறையை நிறுத்துவது, சமையலறையை மூடுவது, வெளியிலிருந்து பெட்டி வாங்குவது என்று தீர்மானமானது. ஒருவரும் ஐஸ் என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும்தான்.

மகள் வீட்டுக்கு வந்தாள். எடை குறைந்து, பள்ளிச் சீருடையில் இன்னொரு பிள்ளை நுழையலாம் போல இருந்தாள். வந்த முதல் வேளை, தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீ மொதல்ல சாப்பிடு." ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். அது என் தொண்டையில் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் தொட்டாள். இட்லி, ரசம் சாதம், தண்ணீர்கூட. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். உலகத்தில் மற்ற எல்லாவற்றின் மேலும் அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. நான் ருசி பார்ப்பதன் மேல் மட்டும் போகவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன நாளில் சமையல்காரர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். சமையலறையை மூடியதோடு அவர் வேலையும் போய், அடையாள அட்டையைத் திரும்பக் கொடுக்க வந்திருந்தார்.

"பாப்பா எப்படி இருக்கு மேடம்?"

"பரவாயில்லை. வீட்டுக்கு வந்துட்டா."

"அல்ஹம்துலில்லா சொல்வான் என் ஃப்ரெண்டு. நான் முருகான்னு சொல்றேன்," என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விசாரணையில கேட்டாங்க, மேடம் டேஸ்ட் பண்ணாங்களான்னு. ஹவ்னு சொல்லிட்டேன். உங்க பிள்ளையே படுத்துக் கிடக்கும்போது அத வேற எதுக்குச் சொல்லணும்?"

நான் அந்த இடத்திலேயே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கு வேற எடத்துல கிடைச்சுடும்," என்றேன். தலையை ஆட்டினார். மரியாதைக்கு ஆட்டினார் என்பது தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் அடுத்த கிருத்திகை. மத்தியானம் மகளுக்குச் சோறு பிசைந்து வைத்தேன். வழக்கம்போலத் தட்டைத் தள்ளினாள்.

"இன்னைக்கு முடியாதும்மா. கிருத்திகை. நீ சாப்பிடு, இப்பத்தான் வடிச்சேன்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சமையலறைச் சுவரில் தமிழ் மாதக் காலண்டர் தொங்கும். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் கிருத்திகை நாளை நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். எழுந்து போய் அன்றைய வட்டத்தைப் பார்த்தாள். பின்பக்கமாக மடித்திருந்த போன மாதத் தாளைப் புரட்டினாள். விரலால் தேடினாள். நான் அடுப்படியில் நின்றபடி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேமிலி டே அன்னைக்கும் ரவுண்டு இருக்கு," என்றாள்.

நான் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன்.

"நீ அன்னைக்கு எதுவுமே சாப்பிடல. ஒன்லி காப்பி. எனக்கு ஞாபகம் இருக்கு. ஆட்டோல வரும்போது நீ தலைவலிக்குதுன்னு சொன்ன." திரும்பினாள். "அப்போ டேஸ்ட் பண்ணேன்னு சொன்னது?"

"பண்ணலை."

"கைக்கு மம்மி? கைக்கு சொன்ன?"

கைக்கு என்றால் ஏன். அதைத்தான் கேட்டாள். உனக்காகத்தான் விரதம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அது மூன்றாவது பொய். உப்பைத் தொடாமல் இருந்தது அவளுக்காக. சாப்பிடு என்றது அந்த இரண்டு பேருக்காக. "என் பேரு கெட்டுடும்னு," என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். பானையிலிருந்து தானே ஒரு கிண்ணத்தில் புதிதாகச் சோறு போட்டுக்கொண்டாள். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு தன் அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். ருசி பார்க்காதது, ஐஸ் இல்லாதது, கூட்டத்தில் சொன்னது. சமையல்காரரை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை என்பதையும். அவர் இரண்டுமுறை படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே நீட்டினார். பெட்டிக்கான ஏற்பாடு முடிந்துவிட்டது, காரணம் கரண்டி என்று மேலிடத்துக்குப் போய்விட்டது, இப்போது இதை உள்ளே வைத்தால் எல்லாருக்கும் கஷ்டம் என்றார். "உங்கள் மனநிலை புரிகிறது, மேடம். ஓய்வெடுங்கள்." மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் உறையில் போட்டு என் இருக்கைக்கே திரும்பி வந்தது. கமிட்டியிலிருந்து விலகினேன். அதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். சமையல்காரரின் போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது.

போன மாதம் திருமுல்கேரியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். நீள மேடை, பளபளக்கும் மூடிகள், கரண்டிகள், வரிசை. ஒருவருக்கும் பயமில்லை. பஃபே எங்கேயும் போய்விடவில்லை. மகள் தட்டு எடுக்கவில்லை. நான் வரிசையில் நின்று ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து, அவள் பார்க்கும்படி வாயில் போட்டுக்கொண்டேன்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. கொஞ்சம் போட்டுக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரியாத ஒருவர் வழி சொன்னால் கேட்டுக்கொள்வது போலத் தலையசைத்தாள். பிறகு பையிலிருந்து வீட்டில் தானே செய்து கொண்டுவந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்தாள்.