சம்பளமில்லாத வேலை போனபோது

என் மாமாவுக்கு இரண்டு தடவை வேலை போனது. முதல் தடவை போனது வளைகுடாவில் நல்ல சம்பளத்தோடு இருந்த வேலை. இரண்டாவது தடவை போனது எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பைசா வாங்காமல் அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பான பதிலைத்தான் சொல்லியிருப்போம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கேரள எல்லைக்குள் பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவே, ஹைவேயிலிருந்து உள்ளே இறங்கும் சாலையில் எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் அவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரண்டு வீட்டுக்குமான செல்லம் மொத்தமும் எனக்கே கிடைத்தது.

பெரிய பெரிய கட்டிடங்கள் எழுப்புகிற இடத்தில் கிரேனுக்கு சிக்னல் காட்டுவது அவருடைய வேலை. மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நடப்பது ஒன்றும் தெரியாதாம். கீழே நிற்கும் மாமா கையை உயர்த்தினால் இரும்பு உயரும், விரலை மடக்கினால் நிற்கும். "என் கை சொல்லாம அங்க ஒரு கம்பி அசையாது மக்கா" என்று அவர் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். அந்தக் கட்டிடங்களை எல்லாம் என் மாமா ஒற்றைக் கையால் கட்டியதாகவே வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம் அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மாமா ஊருக்கு வந்தார். இத்தனை வருஷம் வெயிலில் நின்ற மனுஷன், கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றார் அப்பா. மாமாவும் கிடந்தார். திருவனந்தபுரத்துக்கு இரண்டு மூன்று இடங்களுக்கு வேலை கேட்டுப் போய்விட்டு வந்தார். வயது கூடிப்போனது என்றார்கள், ஏதோ சர்ட்டிபிகேட் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவர் கிடந்தது ஓய்வுக்காக அல்ல என்பது பெரியவர்களுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

மாமி நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நடக்கும் சத்தம் கேட்டதும் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். முகம் மழிப்பதை விட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதை விட்டார். டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பார். சபை ஐயர் வந்து ஜெபம் செய்தார். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குப் பார்க்கிற டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மாமா அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட ஆளில்லை. பள்ளிக்கூடம் ஹைவேக்கு அந்தப் பக்கம். அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எலே, பிள்ளைய அந்த ரோடு கடத்தி விட்டுட்டு வா. வந்து கெடந்துக்கோ."

அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் மாமா எழுந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தாடியும் கலைந்த தலையுமாக என்னோடு நடந்தார். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நான் கொஞ்சம் முன்னால் நடந்தேன்.

ஹைவேயில் வழக்கம்போல் பிள்ளைகள் ஓரத்தில் கூட்டமாக நின்றார்கள். மாமா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டிகள் நிற்கிற மாதிரி இல்லை. ஒரு சின்னப் பையன் பொறுமையிழந்து காலை எடுத்து வைத்தான். களியக்காவிளைக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. யாரோ பையனின் பையைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் மாமா என் கையை விட்டார். நேராக ரோட்டில் இறங்கி, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, வலது கையை உயர்த்தி விரல்களை விரித்தார்.

ஊரில் எத்தனையோ பேர் பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கிறார்கள். இது அப்படி இல்லை. அந்தக் கை யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது. இடது கையால் மாமா எங்களை வரச் சொன்னார். நாங்கள் கடந்தோம். அடுத்த கூட்டம் வந்தது, அதையும் கடத்தினார். மணி அடித்து, தாமதமாக வந்த கடைசிப் பிள்ளையும் உள்ளே போகும்வரை அவர் ரோட்டை விட்டு ஏறவில்லை. வகுப்பு ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் யாரும் சொல்லாமலே அங்கே நின்றார். மறுநாள் காலையில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் மழித்து, பேன்ட் போட்டு, கம்பெனியில் கொடுத்திருந்த ஆரஞ்சு நிறச் சட்டையை மேலே மாட்டியிருந்தார். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள் வைத்த சட்டை அது. பிள்ளைகள் அன்றே அவருக்கு 'சிக்னல் மாமன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி அவர் போட்ட அதட்டல் எங்கள் வகுப்புவரை கேட்கும்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த பகல் முழுக்க மாமா மறுபடியும் மனிதரானார். பசிக்கிறது என்றார். பொழியூர் மீன் வந்தால் கூடைக்குள் கைவிட்டுப் பார்த்துப் பேரம் பேசினார். ராத்திரி தூங்கினார். குழம்பில் உப்பு இல்லை என்று மாமியோடு சண்டைகூடப் போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டு அம்மா எங்கள் அடுக்களையில் நின்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனாலும் வீட்டில் யாருக்கும் இதைப் பெருமையாகச் சொல்லத் தோன்றவில்லை. கல்யாண வீடுகளில், தம்பி இப்போது என்ன பண்ணுகிறான் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றுவாள். என்ன தருகிறார்கள் என்று கேட்டவர்களிடம், சும்மாதான் என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வதை அப்பாவால் தாங்க முடியவில்லை. பாறசாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அப்பாவுக்கு, கூலியில்லாத வேலை என்பது வேலையில்லாமல் இருப்பதைவிடக் கேவலம். மாமியின் கடைக்குச் சேலை எடுக்க வந்த ஒருத்தி, உங்கள் வீட்டுக்காரர் போலீசில் சேர்ந்துவிட்டாரா என்று கேட்டாளாம். அன்றைக்கு மாமி வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

மாமா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் இந்தப் பிள்ளைகளை யார் ரோடு கடத்தி விடுவது? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசினார், பஞ்சாயத்து மெம்பரைப் போய்ப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். இங்கே நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஆள் வந்தான். வெள்ளறடைப் பக்கத்து இளைஞன், ஹோம் கார்டு. காக்கி உடுப்பு, தொப்பி, விசில் எல்லாம் சர்க்கார் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் மாமாவை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். இனி நிம்மதியாக இருக்கலாம் என்று அப்பா கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். மேடையை விட்டு இறங்கியதும், மின்னுகிற அந்தச் சட்டையை மடித்து ஹோம் கார்டின் கையில் கொடுத்தார். நான் உட்பட எல்லோரும் கை தட்டினோம்.

மறுநாள் காலையில் மாமா வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, பேன்ட் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட மணி அடித்து நெடுநேரம் ஆன பிறகும் அப்படியே இருந்தார். மாமி அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

பழையபடி கிடக்கத் தொடங்கினார். இந்தத் தடவை டிவிகூட ஓடவில்லை. தான் நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த ரோடு ஓடத்தான் செய்யும் என்று அம்மாவிடம் சொன்னாராம். பிறகு திடீரென்று ஒரு வாரம் தெளிவாக இருந்தார். தன்னுடைய பொருட்களை எடுத்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். கையில் கட்டியிருந்த வாட்ச்சை அப்பாவுக்குக் கொடுத்தார். ஷேவிங் செட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தார். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெரிய டார்ச் ஒன்று அவரிடம் உண்டு. தொடவே விடமாட்டார். அதை எனக்குக் கொடுத்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டார்ச்சை மார்போடு அணைத்துக்கொண்டு மாமியிடம் ஓடிக் காட்டினேன். மாமி டார்ச்சைப் பார்க்கவில்லை. வேறு யாருக்கு என்னென்ன கொடுத்தார் என்று கேட்டாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு நடந்தாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளும் அம்மாவும் வெகுநேரம் பேசினார்கள். அப்பாவையும் கடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

எங்காவது ஒரு கடையில் சம்பளத்துக்குச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னார். அதுவரை அவருக்கு எதிரே நிமிர்ந்துகூடப் பேசாத மாமியின் குரல் அப்போது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

"சம்பளம் நான் கொண்டு வாறேன் அண்ணா. அவங்களுக்கு இல்லாமப் போனது வேலையாக்கும்."



அடுத்த நாளே மாமி கடையில் லீவு சொல்லிவிட்டு மாமாவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போனாள். இந்தத் தடவை அவரால் மறுக்க முடியவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரிவரை என்னென்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். டீ குடிப்பேன் என்று சொன்ன மாமாவுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையாம். மாத்திரை கொடுத்தார்கள். வாரம்தோறும் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்கள். மாமியும் ஒரு வாரம்கூட விடாமல் அழைத்துப்போனாள்.

கொஞ்ச நாள் கழித்து, கடைக்குப் போகிற வழியில் மாமி பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் இறங்கினாள். ஹோம் கார்டிடம் போய் நேராகவே கேட்டாள். என் வீட்டுக்காரர் உங்களோடு வந்து நின்றால் உங்களுக்குத் தொந்தரவா? அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் பிள்ளைகள் இறங்கி ஓடுவதை ஒற்றை ஆளாகப் பார்க்க முடியவில்லை, கூலியில்லாமல் வா என்று ஒரு மனுஷனை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன் என்று மலையாளத்தில் சொன்னானாம். அன்று சாயங்காலமே எங்கள் காம்பவுண்டுக்கு வந்தான். மடித்த ஆரஞ்சுச் சட்டை கையில் இருந்தது.

"அண்ணா, இது எனக்கு லூசாணு" என்று மட்டும் சொல்லி மாமாவிடம் நீட்டினான்.

மாமா அதை வாங்கி, பிரித்து, காலரைத் திருப்பிப் பார்த்தார். துவைக்கவே இல்லையா என்று கேட்டார். மாமி உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் முதல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் காக்கி, அந்தப் பக்கம் ஆரஞ்சு. அடுத்த வருஷம் பக்கத்தில் ரயில் பாலம் வேலை தொடங்கியபோது, கிரேனுக்கு சிக்னல் காட்ட ஆள் தேடினார்கள். சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. காலையில் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வருவேன், சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு மணி நேரம் போய்விட்டு வருவேன் என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். இன்ஜினியர் ஒத்துக்கொண்டார். அந்தப் பாலம் எப்போதோ முடிந்துவிட்டது. மாமா வேறொரு பாலத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்து வாசலிலும் இருக்கிறார். மாத்திரையை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. யாராவது கேட்டால், ஒரு வேலைக்குச் சம்பளம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை, இரண்டும் வேலைதான் என்று மாமி இப்போது அவருக்கு முந்திக்கொண்டு சொல்கிறாள்.

டார்ச் என் கைக்கு வந்ததற்கும் ஆரஞ்சுச் சட்டை திரும்பி வந்ததற்கும் நடுவில் இருந்த நாட்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. மாமி அடுக்களைக் கதவைச் சாத்திப் பேசிய அன்றைக்கே, டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல் என்றாள் அம்மா. நான் அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். பகலெல்லாம் அம்மா தன் தையல் மெஷினை மாமா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள், எங்கள் வீட்டில் வெளிச்சம் போதவில்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமாவிடம் உட்கார்ந்து கணக்குப் படிக்க வேண்டும், மாமி கடையிலிருந்து வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மாமா பக்கத்து அறைக்குப் போனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போக வேண்டும்.

மாமாவுக்குக் கணக்கு சுத்தமாக வராது. அவர் சொல்லித் தந்த வகுத்தல் எல்லாம் தப்பு. டீச்சர் சிவப்பு மையால் பக்கம் பக்கமாக அடித்துக் கொடுத்தார். பரீட்சையில் மார்க்கும் இறங்கியது. அதையெல்லாம் அம்மாவிடம் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரமாகிறது, மாமா காத்துக்கொண்டிருப்பார், போ என்றாள். தன் தம்பிக்குக் கணக்கு வராது என்பது அம்மாவுக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, நோட்டை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன்.