வள்ளல் கட்டிய நிழற்குடை

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற ரோட்டில், திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால், டிரைவர் மனசு வைத்தால் பஸ் நிற்கிற ஊர் எங்களுடையது. அதன் கடைசியில் காலனி, அதில் எங்கள் வீடு. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மண் சுவர், மேலே பனையோலை. என் வீட்டுக்காரர் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வார்டு பாய். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்குகிறவள். எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு, இரண்டும் பெண்கள். சின்னவளுக்கு இளைப்பு. ஓலை ஒழுகித் தரை நனைந்தால் அவள் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்துவிடும். ஈரத்தில் படுக்க வைக்கக் கூடாது என்றார் டாக்டர். காய்ந்த இடத்துக்கு எங்கே போவது என்று மருந்துச் சீட்டில் எழுதித் தரவில்லை.

அப்போது சர்க்காரே லாட்டரி நடத்தியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் மாதம் தவறாமல் ஜங்ஷன் வாசலில் ஒரு ரூபாய்ச் சீட்டு வாங்கி நாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, ஒரு மாதம் விழுந்துவிட்டது. பெரிய பரிசு இல்லை, ஐயாயிரம். எங்களுக்கு அதுவே தலை சுற்றியது. நான் சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மேஸ்திரி வந்து கயிறு பிடித்து அளந்தார். செங்கல் சுவர், மங்களூர் ஓடு, ஐப்பசி மழைக்குள் முடித்துவிடலாம் என்றார். எட்டு நாள் நான் அந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தேன், மனசுக்குள்ளே. அடுப்பு எந்த மூலை, பரண் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது.

ஒன்பதாம் நாள் ஊர்ப் பிரமுகர் வந்தார். ஓட்டுக் கேட்கிற நாளைத் தவிர எங்கள் காலனிப் பக்கம் அவர் செருப்பு பட்டதில்லை. அன்றைக்கு எங்கள் வாசலில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயை வாங்கி, குடித்தும் காட்டினார்.

“அண்ணாத்த, உனக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம்னு கீறோம். நம்ம ஊருக்கே பெருமை நீ.”

என் வீட்டுக்காரரை அவர் அதுவரை “டேய்” என்பதற்கு மேல் எதுவும் கூப்பிட்டதில்லை. “அண்ணாத்த” என்ற சொல்லிலேயே மனுஷன் பாதி விழுந்துவிட்டார். மீதி, ரோஸ் கலர் நோட்டீஸ் அச்சாகி வந்ததும் விழுந்தது. அதில் அவர் பெயருக்கு முன்னால் ‘வள்ளல்’ என்று போட்டிருந்தது.

“நீ யாருக்கு இன்னா குட்த்த, வள்ளல்னு போட்டுகீறாங்க?” என்று கேட்டேன்.

“மரியாதைக்குப் போடறதுதாம்மே. உனக்கு அதெல்லாம் தெரியாது” என்றார்.

எனக்கா தெரியாது? எங்கள் பக்கத்து மேடைகளின் வழக்கம் ஊருக்கே தெரியும். கொடுக்கிறாயா என்று ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, மைக்கில் அறிவித்துவிடுவார்கள். சால்வையைப் போட்டுக்கொண்டு இல்லை என்று சொன்ன ஆம்பளை இன்னும் பிறக்கவில்லை.

பஸ் நிற்கிற புளியமரத்தடியில் மேடை. கொடிக்குத் தேர் கொடுத்த ராஜாவில் ஆரம்பித்தார்கள். தேரைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு அந்த ராஜாவின் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று யாரும் பேசவில்லை. சால்வை விழுந்தது. பிரமுகர் மைக்கைப் பிடித்தார். “வெயிலிலும் மழையிலும் வாடும் நம் மக்களுக்காக, தமக்கு விழுந்த பரிசுப் பணம் முழுவதையும் கொடுத்து இதே இடத்தில் பயணிகள் நிழற்குடை கட்டித் தர நமது வள்ளல் முன்வந்துள்ளார்!”

ஒரே கைதட்டல். நான் பெண்கள் வரிசையில் எழுந்து நின்று அவர் முகத்தையே பார்த்தேன். வாயைத் திறந்து ‘அப்படி நான் சொல்லவில்லையே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறக்கத்தான் செய்தார்.

“ஏதோ, என்னால முடிஞ்சது” என்றார்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். எங்களுக்கு மிஞ்சியது அந்தச் சால்வை. அதுவும் ஒரு தோய்ப்பில் சாயம் போய்விட்டது.

நிழற்குடை சீக்கிரமே எழும்பியது. எங்கள் மேஸ்திரியே கட்டினார், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் சாண் உயரத்துக்கு, தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் எல்லாம் அதற்கடுத்து. அடியில், தரையைத் தொடுகிற இடத்தில், நம்மவர். குனிந்தால் படிக்கலாம். அவர் தினமும் குனிந்தார்.

இதில் பெரிய வேடிக்கை, மரத்தை வெட்டக் கூடாதென்று நிழற்குடையை நாற்பது அடி தள்ளிக் கட்டிவிட்டார்கள். பஸ்ஸோ பழைய பழக்கத்தில் புளியமரத்தடியிலேயே நின்றது. நிழற்குடையில் உட்கார்ந்தவன் பஸ்ஸை விட்டான். அதனால் ஜனங்கள் முன்போலவே மரத்தடியில் நின்று வாடினார்கள். உள்ளே ஆடுகள் படுத்துக் கிடந்தன. ஐயாயிரம் ரூபாய்க்கு ஆட்டுக்கொட்டகை போட்ட வள்ளல் இந்த ஜில்லாவிலேயே எங்கள் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் கடல் பக்கமிருந்து காற்று அடித்து, ஓலையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. சின்னவளுக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பெரியவள் தலையில் பாய், துணி மூட்டை. அரிசி, பானை, காய்ந்த சுள்ளிகளுக்கு இன்னொரு நடை. நேரே நிழற்குடைக்குப் போனேன். ஆட்டை விரட்டி, பெருக்கி, குறுக்கே கயிறு கட்டித் துணியைக் காயப் போட்டேன். மூன்று செங்கல் வைத்து உலை ஏற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் பிரமுகர் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது? பஸ் ஸ்டாப்புல சோறு ஆக்கிகினு கீற? இது பொதுஜனத்துக்குக் கட்னது.”

“நாங்க இன்னா ஜனம் அண்ணாத்த? மழைக்கு ஒதுங்கறதுக்குன்னு மைக்குல சொன்னது நீங்கதான? ஒதுங்கிகினு கீறோம்.”

சின்னவளின் இழுப்பு அவருக்கும் கேட்டிருக்கும். குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்கால பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வந்தார். பஸ் வழக்கம்போல் புளியமரத்தடியில் நின்றது. அங்கிருந்து நாற்பது அடியும் ஊர் பார்க்க நனைந்துகொண்டு நடந்து வந்தார். கொடியில் காய்கிற என் உள்பாவாடையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிற பஸ்ஸைப் பார்த்தார்.

“மானம் போவுதும்மே. வூட்டுக்கு வா” என்றார் தாழ்ந்த குரலில்.

“எந்த வூட்டுக்கு? உன் பேரு போட்ட வூடு இது ஒண்ணுதான்யா கீது.”

அவர் கல்வெட்டைப் பார்த்தார், அன்றைக்குக் குனியவில்லை. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சில் கை வைத்தார். இழுப்பு அடங்கி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தினேன்.

மழை விட இன்னும் நாலு நாள் ஆனது. குறை சொல்லக் கூடாது, கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.