சிவப்பு விளக்கும் மேல்வீட்டு ஜமக்காளமும்

இன்று கொள்ளுப்பேரனுக்குப் பெயர் வைக்கும் நாள். சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் முதன்முதலாக அவனைக் காட்டுவதாகப் பேத்தி சொல்லியிருந்தாள்.

நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு!

அணைத்துப் போட்டேன். வயரைக் கழற்றி மாட்டினேன். சிவப்பு போகவில்லை. என் போனில் வேறு நெட்டும் கிடையாது.

போன் பண்ணியதும் நெட் ஆபீசிலிருந்து வந்த தம்பி வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். "பாட்டி, பொட்டி நல்லாத்தான் கீது. மேல்வூட்டு பால்கனில நம்ம வயர் மேல ஜமக்காளத்த காயப் போட்டுக்கீறாங்க. வயர் மடங்கிகினு கீது. நீங்க ஒரு குரல் குடுங்க."

மேல்வீடு என்றால் கமலா. அவள் பெண் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு உட்கார வைத்தவள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

கொள்ளுப்பேரனா, பாயசமா என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் எடுத்துத்தான் யோசித்தேன். பிறகு, "அடி கமலா!" என்று கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஜமக்காளத்தை எடுத்தாள். தம்பி வயரை நேராக்கினார். பச்சை விளக்கு வந்தது. "நானும் குழந்தையைப் பாக்கட்டுமா மாமி?" என்று கமலாவும் கீழே வந்துவிட்டாள்.

குழந்தை தங்க விக்கிரகம் மாதிரி இருந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கமலா உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அச்சு அசல் உங்க மூக்குதான் மாமி. பரவாயில்லே, வளர வளர சரியாயிடும்."

நெட் இப்போது நன்றாக வருகிறது. கமலாவோடு மறுபடியும் பேச்சில்லை.

நீங்களே சொல்லுங்கள், என் மூக்குக்கு என்ன குறை?